எலோயின் வாய்க்கு அளந்த இசை

கோடைப் போட்டிக்கு இசை தேர்ந்தெடுக்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது மூன்றாம் வரிசைக் கிளாரினெட்காரர்களைத்தான். எல்லோரும் டிரம்பெட்டைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். எங்கள் ஊரில் அந்த மூன்றாம் வரிசையில் உட்காருகிறவர்கள் ரொட்டிக்கடைக்காரர், அவருடைய மைத்துனி, ஆரஞ்சு அடுக்கும் கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள். அவர்கள் விரலுக்கு எட்டாத ஒன்றை எடுத்தால் அந்த வருடம் அதோடு போயிற்று.

வானொலி நிலையத்திலிருந்து நீங்கள் அனுப்பிய ஒலிநாடா கிடைத்தது. ஒரு பேண்டு மாஸ்டர் தன் பேண்டுக்கு இசைத்தாள்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று பேசி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இத்தனை காலத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. ஒத்திகை மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். மின்விசிறி சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் இந்த வெயிலில் வெந்துவிடுவேன்.

என் கொள்கை ஒன்றுதான். இருக்கிற ஆளுக்கு அளந்து எடுக்க வேண்டும், தையல்காரன் சட்டைக்கு அளவெடுப்பதைப் போல. எவன் மூச்சு எங்கே தீரும், எவள் உதடு எப்போது களைக்கும், யாருக்கு மேல் ஸ்தாயியில் பயம் என்பதெல்லாம் மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும். அதில் நான் கெட்டிக்காரன், தன்னடக்கம் பார்த்து மறைக்கப்போவதில்லை.

எங்கள் ஊரில் இரண்டு பேண்டுகள். எங்களுடையது பழையது, சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது புதியது. புதியது என்றால் நேற்று வந்தது என்று நினைக்காதீர்கள், எங்கள் பாட்டன்கள் காலத்துச் சண்டையில் பிரிந்துபோனது. பழைய பேண்டு வீட்டுப் பெண் புதிய பேண்டு வீட்டுக்கு வாழ்க்கைப்பட மாட்டாள். காபி குடிக்கும் இடம்கூட வேறு. நான் மலைப்பக்கத்திலிருந்து வந்தவன், பெயர் லியாண்ட்ரோ. இங்கே ரெமெய்யைக் கட்டிக்கொண்டதால் பழைய பேண்டுக்காரன் ஆனேன். அவளுடைய அண்ணன் எலோய்தான் சங்கத்தின் தலைவர், முதல் டிரம்பெட், நாங்கள் குடியிருந்த மாடியின் சொந்தக்காரர். கீழே அவர் இருந்தார், மேலே நாங்கள் இருந்தோம்.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நெடுநெடுவென்று உயரம், நீளமான விரல்கள், வாய் நிறையச் சிரிப்பு. யாருக்குக் கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்பார். ஆனால் இசையை நான் தேர்ந்தெடுத்ததாகப் பெயர், முடிவு அவருடையது. வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுத் தோப்பில் பெரிய வாணலியில் சோறு வேகும். சங்கத்தின் குழு முழுக்க அங்கே இருக்கும். நான் கொண்டுபோன தாள்களை எலோய் அடுப்படியிலேயே புரட்டுவார். நெருப்பைப் பார்த்துக்கொண்டே, நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை, நம்ம ஊருக்கு வேணாம் என்பார். பிறகு சங்கத்து அலமாரியிலிருந்து அவர் அப்பா காலத்து இசைத்தாள் ஒன்று வெளியே வரும். நான் எத்தனை நல்ல இசையை அந்தத் தோப்பிலிருந்து திரும்பச் சுமந்து வந்திருக்கிறேன் தெரியுமா?

வடக்கே ஒரு கடற்கரை நகரத்தில் நகராட்சி பேண்டுக்கு மாஸ்டர் தேடினார்கள். விண்ணப்பித்தேன். அவர்கள் முறைப்படி எங்கள் சங்கத்தலைவரிடம் தொலைபேசியில் விசாரித்தார்கள். எலோய் அதை மாடியில் எங்கள் வீட்டு விருந்தில், சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“இவரு எங்க ஊருக்குத்தான் சரிப்படுவாரு, பெரிய ஊர்ல தடுமாறிப்போவாருன்னு சொல்லிட்டேன். உங்கள அப்படி விட்டுக்குடுத்துருவோமா மாப்பிள்ளை?”

எல்லோரும் சிரித்தார்கள். ரெமெய்யும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு மூச்சு முட்டியது. கதவைத் திறந்து வெளியே போகலாம் என்றால் படிக்கட்டு அவர் வீட்டுக்குள்தான் இறங்கும். இப்படிச் சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அங்கே குடியிருந்து பார்க்க வேண்டும்.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், ரெமெய் கோயிலுக்குப் போயிருந்தபோது, எலோய் மேலே ஏறி வந்தார். வழக்கமாக என்னைத்தான் கீழே கூப்பிடுவார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வலென்சியா நகரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்ததாகச் சொன்னார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய் வீங்கியிருக்கிறதாம், சைக்கிள் டியூபில் ஒரு இடம் மட்டும் புடைக்கிற மாதிரி. போட்டி முடிந்து இலையுதிர்காலத்தில் அறுவை செய்துவிடலாமாம். அதுவரை சாதாரணமாக ஊதலாம், உச்சத்தில் மூச்சைப் பிடித்து நிற்கவே கூடாதாம்.

“யாருக்கும் தெரிய வேணாம். ரெமெய்க்குக்கூட நான் சொல்லல. இந்த வருஷம் இசைய நீங்களே முடிவு பண்ணுங்க மாப்பிள்ளை. தோப்பு, குழு ஒண்ணும் வேணாம். கிளாரினெட்டுக்கு வேல இருக்கற மாதிரி மெதுவா ஏதாச்சும் எடுங்க, நான் பின்னால சும்மா ஊதிட்டு இருக்கேன்.”

இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் வருகிற நோயாம், உயரமான உடம்புக்காரர்களுக்கு. மகள் அமாலியாவையும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளும் டிரம்பெட்தான், அப்பாவைப் போலவே உயரம், அதே விரல்கள். இப்போதே சொன்னால் பயந்துவிடுவாள், போட்டி முடியட்டும், நானே சொல்கிறேன் என்றார். நான் சரி என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் படியிறங்கினார். பாவமாகத்தான் இருந்தது.

இத்தனை வருடத்தில் இசையை நானே முடிவு செய்யலாம் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

நான் எடுத்தது ‘முற்றுகை’ என்ற இசை. வடக்கத்திக்காரர் ஒருவர் எழுதியது. மதில்மேல் காவல்காரன் ஒருவன் எதிரிப்படையைப் பார்த்துவிட்டு ஊரை எழுப்புகிறான், அவ்வளவுதான் கதை. கிளாரினெட்டுக்கு நிறைய வேலை உண்டு, அதில் நான் சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். காவல்காரன் குரல் டிரம்பெட். படிப்படியாக ஏறி, உச்சத்தில் போய் நிற்கும், இறங்காது. கீழே பேண்டு முழுக்க ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வரும், அதுவரை அவன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுதியவர் நல்ல மனிதர். முடியாதவர்களுக்காக அதே வரியைக் கீழ் ஸ்தாயியில் சிறிய எழுத்தில் அடியில் அச்சிட்டிருந்தார். அதன்மேல் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டினேன். இரண்டு வரி இருந்தால் வாசிக்கிறவர் கண் தடுமாறும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகை மண்டபத்தில் ஸ்டாண்டில் வைத்த தாளை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. தோப்பில் எதையும் மறுக்கலாம், ஸ்டாண்டில் ஏறிவிட்டால் முடிந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்கிறவன் அப்படியே சதுக்கத்தைத் தாண்டிப் புதிய பேண்டில் போய் உட்கார வேண்டியதுதான் என்பார்கள். விளையாட்டுப் பேச்சு இல்லை, அப்படி ஒருவர் போனார், அவருடைய சவ ஊர்வலத்துக்குக்கூட எங்கள் பேண்டு வாசிக்கவில்லை.

போட்டி இசை முதல்முதலாக ஸ்டாண்டில் ஏறும் மாலையில் காபிக்கடைக் கூட்டமெல்லாம் வாசலில் வந்து நிற்கும். அன்றும் நின்றது. எலோய் உட்கார்ந்தார், தாளைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கிளாரினெட்காரர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். டிராம்போன்காரன் பின்னாலிருந்து, என்ன தலைவரே, பாக்கறப்பவே மூச்சு வாங்குதா, எதிர்ப் பக்கத்துக்காரன்கிட்ட குடுத்துருவோமா என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. குடுத்துத்தான் பாரேன் என்று எலோயும் சிரித்தார். மகள் பக்கத்து நாற்காலியில் இரண்டாம் டிரம்பெட்டோடு உட்கார்ந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“மாப்பிள்ளை, தாளு மாறிப்போச்சா?”

“இல்ல மச்சான். உங்களுக்குன்னு பாத்து எடுத்ததுதான்.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அப்ப சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். புரிந்தும் ஊதியவரை நான் என்ன செய்ய முடியும்? ஒரு வார்த்தை, எனக்கு உடம்பு சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால், அந்த நிமிடமே மாற்றியிருப்பேன். அவர் சொல்ல மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். சொன்னேனே, ஆளை அளந்து எடுப்பதுதான் என் கொள்கை.

ஒத்திகைகளில் கீழ் ஸ்தாயியிலேயே ஊதிக்கொள்ளுங்கள், உதட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நானே சொன்னேன். நான் கொடுமைக்காரன் இல்லை. தவிர, ஒத்திகையில் ஏதாவது ஆகியிருந்தால் போட்டிக்கு வேறு இசை தேட நேரம் இருந்திருக்காது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எலோயைக் கொல்லத்தான் அந்த இசையை எடுத்தேன். அவரை வெறுத்தேன். அவர் என்மேல் வைத்திருந்த பிரியத்தை அதைவிட வெறுத்தேன்.

வலென்சியாவில், காளைச்சண்டை அரங்கில், அனல் அடிக்கும் மாலையில் வாசித்தோம். அவர் அன்று வாசித்ததைப் போல் நான் இதுவரை கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. உச்சத்தில் போய் நின்றார். நான் சற்று நிதானமாக நடத்தினேன், அந்த இடத்துக்கு அந்த வேகம்தான் அழகு. கீழே பேண்டு சேர்ந்துகொண்டே வந்தது. அவர் இறங்கவில்லை. எல்லோரும் சேர்ந்த பிறகுதான் டிரம்பெட்டை மடியில் வைத்தார். முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். தனி வாசித்தவரை எழுந்திருக்கச் சொல்லி வழக்கம்போல் கையைக் காட்டினேன். எழவில்லை. இன்னும் கொஞ்சம் கைதட்டட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருக்கிறார் என்று ரெமெய் நினைத்தாளாம். அமாலியா தோளைத் தொட்டதும் ஸ்டாண்டின்மேல் சாய்ந்தார்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். மாரடைப்பு என்றார்கள். வீட்டாருக்கு வேறு எதுவும் தெரியாததால் யாரும் மேலே கேட்கவில்லை.

இப்போது நான் இந்த ஊரை விட்டுப் போயிருக்க வேண்டுமா இல்லையா? வழி திறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நடந்ததைக் கேளுங்கள். எலோயின் கடைசி இசையை நடத்தியவன் என்று என்னை ஆயுளுக்கும் மாஸ்டராக்கித் தீர்மானம் போட்டார்கள். அண்ணன் கல்லறையை விட்டு எங்கே வரச் சொல்கிறீர்கள் என்று ரெமெய் அழுகிறாள். வடக்கே அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டான். ரொட்டிக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுக்கிறார். தெருவில் நடந்தால் கிழவர்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள். முன்பாவது எனக்கு வெறுக்க ஓர் ஆள் இருந்தார். அமாலியா கீழ் வீட்டில் இருக்கிறாள், அப்பாவின் நாற்காலியில் முதல் டிரம்பெட் ஊதுகிறாள். தங்கமான பெண். நான் ஓய்வு பெறலாமா என்று ஒரு நாள் பேச்சை எடுத்தேன். என் தோளில் கைபோட்டுக்கொண்டாள்.

“என்ன மாமா பேச்சு இது? அப்பா விட்டாலும் நான் உங்கள விட மாட்டேன்.”

அதே சிரிப்பு. எனக்கு மூச்சு முட்டியது.

இந்த வருடப் போட்டிக்கும் ‘முற்றுகை’யே. நான் எடுக்கவில்லை, சங்கம் கூடி முடிவு செய்தது, எலோய் நினைவாக. அமாலியா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவின் தாள், அந்த ஒட்டிய காகிதத்தோடு. வேறு இசை பார்க்கலாமே என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் மெதுவான குரலில். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது. டாக்டர் சொன்னதை அவள் அப்பா அவளிடம் சொல்லவே இல்லை. இந்த ஊரில் அது தெரிந்தவன் நான் ஒருவன். நான் சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, சத்தியமாகச் சொல்கிறேன். நேரில் சொல்லலாமே என்பீர்கள். நாளைக்குப் போட்டி. முந்தைய நாள் ஒரு கலைஞரைக் கலங்கடிப்பது மாஸ்டர் செய்கிற வேலையா? அதனால்தான் எதையும் மறைக்காமல் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு நாலு பேரைத் தெரியும், அவளைத் தடுத்துவிடுவீர்கள். இப்போது எனக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது. தெரிந்தும் வாய்மூடிக் கிடந்தான் என்று இனி என்னை ஒருவரும் சொல்ல முடியாது. உறையில் உங்கள் முகவரியை எழுதி, தபால்தலைகூட ஒட்டிவிட்டேன். இன்று சனிக்கிழமை, மதியத்தோடு தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள், என்ன செய்வது. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.