கயிறு இழுத்த பக்கம்

— அப்ப நாம முதல்ல வரலையா?

— வந்தோம்டீ. வந்ததுக்கு அப்புறம்தான் இல்லைன்னுட்டாங்க. உட்காரு, பெஞ்சு உன் முழங்காலுக்குப் பின்னாடிதான் இருக்கு. கண்ணுல கட்டின துணியைக் கழட்டு.

— இருந்துட்டுப் போகட்டும். கட்டினாலும் இருட்டு, கழட்டினாலும் இருட்டு. ஏன் இல்லைன்னாங்க?

— சொல்றேன் கேளு. ஓட்டம் முடியுற கோட்டுக்கு நேரா ஒரு கேமரா வச்சிருக்காங்க. அது நாம ஓடுறதைப் பார்க்காது, கோட்டை மட்டும்தான் பார்க்கும். நூல் அகலத்துக்கு ஒரு கீத்து, அடுத்து ஒரு கீத்து, இப்படி எடுத்துக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் வரிசையா ஒட்டினா ஒரே படம். அந்தப் படத்துல தள்ளி நிக்கிறான்னா தூரமா நிக்கிறான்னு அர்த்தம் இல்ல, லேட்டா வந்தான்னு அர்த்தம். எவ்வளவு அழகான யோசனை பாரு...

— வாத்தியாரம்மா, விஷயத்துக்கு வாங்க.

— விஷயமே அதுதான். அந்தப் படத்துல முதல்ல இருக்கிறது என் நெஞ்சு. அப்புறம்தான் உன்னுது. துணைக்கு ஓடுறவ முன்னாடி கோட்டைத் தாண்டினா ரெண்டு பேருமே வெளியே. கண்ணு தெரிஞ்சவ, தெரியாதவளை இழுத்துட்டுப் போயிடக் கூடாதுல்ல? அதுக்கு வச்ச ரூல். நல்ல ரூலுதான்.

— நம்ம தங்கத்தைப் புடுங்கிட்டாங்க, நீ அவங்களுக்கே மார்க் போடு. நம்ம பி.டி. மாஸ்டர் எங்க?

— நடுவர் மேசைகிட்ட நின்னு கத்திட்டிருக்கார். அங்க எல்லாரும் கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்திருக்காங்க, இவர் ரப்பர் செருப்போட. கத்தி என்ன பண்ண, படம் படம்தான். நம்ம வாலிபால் பொண்ணுங்க கூட பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நிக்கிறாங்க, பாவம்.

— அவங்க கத்தினது கேட்டுச்சு. அவங்க வேர்வையும் கூடவே ஓடி வந்துச்சு. காலையில அவங்க ஆடிட்டுக் கழட்டின பனியன்தானே இது?

— எல்லா டீமுக்கும் சேர்த்து ஒரே செட்டுன்னா என்ன பண்ணச் சொல்ற. பெரிய யுனிவர்சிட்டியில கயிறு புடிச்சு ஓடவே மூணு பேர் வச்சிருக்காங்க. நமக்கு நான் ஒருத்தி. மாஸ்டர் ஒரு டிபார்ட்மெண்ட் விடாம ஓட விட்டுப் பார்த்துட்டார், உன் வேகத்துக்கு வேற எவளும் இல்ல.

— இனிமே என்னக்கா?

— தங்கம் வாங்கினவளை மட்டும்தான் நேஷனல் கேம்புக்கு எடுப்பாங்க. ரெண்டாவதா வந்தவ போவா. உனக்கு நாலு எட்டு பின்னாடி வந்தவ. என் தப்புடீ.

— உன் தப்பு இல்ல. விடு.

— எப்படி விடுறது? தப்புன்னா அது எந்த இடத்துல நடந்துச்சுன்னு தெரியணும்ல. கையைக் குடு. கயித்தோட ஒரு வளையம் உன் விரல்ல இருக்கு, இன்னொண்ணு எனக்கு. ஓடும்போது இப்படித் தொய்வா இருக்கும். கடைசியில நான் "கோடு"ன்னு கத்திட்டு அரை எட்டு பின்வாங்குவேன். நீ அதே வேகத்துல போயிடுவ. அப்ப கயிறு என் கையை முன்னாடி இழுக்கும். இழுத்தா நிம்மதி, நீ தாண்டிட்டேன்னு அர்த்தம். சரியா?

— ம்.

— இன்னைக்கும் கத்தினேன். பின்வாங்கினேன். கயிறும் இழுத்துச்சு.

— ம்.

— பின்னாடி இழுத்துச்சு.

— அக்கா, பஸ்ஸு போயிடப் போகுது.

— பஸ்ஸு கிடக்கட்டும். நான் மெதுவாகும்போது நீ அதைவிட மெதுவானாத்தானே கயிறு பின்னாடி இழுக்கும்? நீ நின்னியாடீ?

— நிக்கல. ரெண்டு எட்டு சின்னதா வச்சேன். மொத்தமா மெதுவா ஓடினா கயித்துலயே கண்டுபிடிச்சிருவ. கோட்டுகிட்டன்னா தெரியாதுன்னு நினைச்சேன்.

— ஏன்? ஏன்டீ இப்படிப் பண்ணின?

— உன் அரியருக்காக.

— என்ன உளர்ற?

— அந்தப் புள்ளியியல் பேப்பர். நீ திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகுறியே, அது. அதே பேப்பரை ஹாஸ்டல்ல ஊருக்கே நீதான் சொல்லிக்குடுக்கிற. எதிர் ரூம்காரிக்குக் கூட்டல் கழித்தலே தகராறு, அவ பாஸ். சொல்லிக்குடுத்த வாத்தியாரம்மா ஃபெயில். எனக்குக் கண்ணுதான்க்கா தெரியாது.

— பரிட்சை ஹால்ல போய் உட்கார்ந்தா ஒரு பயம் வந்துடும்...

— புளுகாத. உன் பக்கத்துல உட்கார்ந்து எழுதினவ சொல்லிட்டா. ரெஜிஸ்டர் நம்பரை மட்டும் எழுதிட்டு, பேனாவை மூடி வச்சிட்டு, ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தியாம். துணைக்கு ஓடுறவளும் அதே யுனிவர்சிட்டியில படிக்கணும். நீ பாஸாகி வெளியே போனா என்கூட ஓட ஆள் இல்ல. அதானே?

— அவ வாயில பிளாஸ்திரிதான் போடணும்.

— புள்ளிவிவர ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்களே, டிகிரி இல்லாம அந்த வேலையும் போச்சு. உங்கம்மாகிட்ட "எனக்குப் புடிக்கல"ன்னு சொல்லிட்ட. இன்னைக்கு நான் ஜெயிச்சா அடுத்த வருஷமும் ஓட்டம், அடுத்த வருஷமும் நீ ஜன்னல். எத்தனை நாளைக்கு உன்னைக் கட்டி இழுத்துட்டு ஓடுறது?

— நீ என்னை இழுத்துட்டு ஓடுறியா? நல்லா இருக்குடீ.

— சிரிக்காத. முடிஞ்சு போச்சு. இனிமே நான் ஓடப் போறதில்ல. நீ போய் அந்தப் பேப்பரை ஒழுங்கா எழுது, வேலைக்குப் போ.

— விரலை நீட்டு, வளையத்தைக் கழட்டுறேன்.

— திட்டுக்கா. கத்து. வளையத்தை அப்புறம் கழட்டிக்கலாம்.

— போன வாரமே எழுதிட்டேன்டீ, ஒரு கேள்வி விடாம. என்னால உன் வேகத்துக்கு ஈடு குடுக்க முடியல, கேம்புல கூட ஓட நல்ல ஆளா அவங்களே குடுப்பாங்கன்னு மாஸ்டர் சொன்னார்... இன்னைக்கு ஒரு தடவை மட்டும் நீ ஜெயிச்சிருந்தா போதும்.