கிணற்றடியில் பத்து எண்ணுங்கள்

பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையோடு கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்ட பாதைகளின் பாதுகாவலர், பணிமனையின் பெருந்தூண், இந்த விழாவின் தலைவர், எங்கள் மேலாளர் அவர்களே! மேடையில் மெத்தை நாற்காலிகளில் வீற்றிருக்கும் மேன்மக்களே! மெத்தை கிடைக்காமல் கீழே மர நாற்காலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! இடுப்பில் பிள்ளையும் உதட்டில் பேச்சுமாக வந்திருக்கும் தாய்மார்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னிடம் “உள்ள போங்க, உள்ள போங்க” என்று விரட்டு வாங்கியும், இன்று எனக்குக் கைதட்ட வந்திருக்கும் கருணைக் கடல்களாகிய பயணிகளே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, “உளறி வைக்காதீங்க” என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! உங்கள் அனைவருக்கும் இந்த எளிய நடத்துநனின் வணக்கம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த இலக்கணம் இரண்டே இரண்டு. மணிக்கயிற்றை ஒரு முறை இழுத்தால் வண்டி நிற்கும். இரண்டு முறை இழுத்தால் கிளம்பும். இதை வைத்துக்கொண்டுதான் ஒரு குடும்பத்தையும் ஒரு பேருந்தையும் ஓட்டினேன். குடும்பத்தில் கயிறு என் கையில் இல்லை. அது வேறு கதை. சிரிக்காதீர்கள் அம்மா, அவள் பார்க்கிறாள்.

இன்று என்ன விழா? இந்த மேடைக்குப் பின்னால், நீல வண்ணத்தில், நெற்றியில் நாடா கட்டி நிற்கிறதே புத்தம் புதிய சுற்றுலாப் பேருந்து, அது நம் பழம்பெரும் கடற்கரையைச் சுற்றிக் காட்டப் புறப்படும் விழா. ஓட்டப்போகிறவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. நடத்துநர் கிடையாது. இடங்களின் பெயரை ஓர் இயந்திரம் சொல்லுமாம். அது என்னைவிட அழகாகப் பேசுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இயந்திரத்துக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் ஆறு இடங்கள்தான் இருக்கின்றன. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் நிறுத்திய நிறுத்தங்கள் ஏழு. விடுபட்ட ஒன்று எங்கே? அதைக் கேட்கத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

வாருங்கள், உங்களை ஒரு முறை அழைத்துப் போகிறேன். உள்ளே போங்க, உள்ளே போங்க!

முதலில் சுங்கச் சாவடி. சிவந்த சுவர், சிதைந்த கூரை, சிலந்தி கட்டிய சன்னல். உள்ளே கப்பல் சரக்கை எடைபோட்ட பழைய தராசு ஒன்று தொங்குகிறது. இரண்டு தட்டும் காலி. ஆனால் ஒரு தட்டு மட்டும் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அடுத்தது கலங்கரை விளக்கம். விளக்கைக் கழற்றி ஆண்டுகள் ஆயின. மேலே போகும் படிகள் பாதியில் இடிந்துவிட்டன. உப்புக் காற்றில் ஊர்க் கண்ணாடியெல்லாம் மங்குகிறது. அந்த உச்சிக் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்தது போல் மின்னுகிறது. துடைத்தது யார்? ஏறியது எப்படி? மூன்றாவது கோட்டை. கோட்டைக்குள் நின்று கூப்பிட்டால் குரல் திரும்பி வரும். எல்லாக் கோட்டையிலும் வரும்தான். இங்கே, கூப்பிட்டவர் வெளியே வந்து, வண்டியில் ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு வரும்.

நான்காவது மீனவர் தெரு. வரிசையாக முப்பது வீடுகள். முப்பதும் கடலுக்கு முதுகு காட்டிக் கட்டியவை. கடலை நம்பிப் பிழைப்பவர்கள் ஏன் கடலைப் பார்த்து ஒரு சன்னல்கூட வைக்கவில்லை? அங்கிருந்து ஒரு வளைவு திரும்புங்கள். ஏன் வைக்கவில்லை என்று தெரியும்.

அங்கேதான் விடுபட்ட அந்த நிறுத்தம். கிணற்றடி.

அங்கே ஓர் ஊர் இருந்தது. இப்போது இல்லை. கடல் எடுத்துக்கொண்டது. வீடு போனது, வீதி போனது, வேலி போனது, விளைநிலம் போனது. ஊர்ப் பொதுக்கிணறு மட்டும் போகவில்லை. சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்து போக, கிணறு மட்டும் மூன்று ஆள் உயரத்துக்குப் புகைபோக்கி போல அலைக்குள் நிற்கிறது. அந்த ஊரின் ஆழம் உயரமாகிவிட்டது.

கடல் வந்தது ஒரு மதியம். காலையில் இந்தப் பட்டணத்துக்கு வந்த அந்த ஊர்க்காரர்கள் பேருந்தில் திரும்பிப் போனார்கள். கிணற்றடி வந்தது, ஊர் இல்லை. தண்ணீர் சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இறங்குகிறோம் என்று கதறினார்கள். அன்றைய நடத்துநர் கதவை மறித்து நின்று, அத்தனை பேரையும் திருப்பி அழைத்து வந்தார். உயிர் காத்தார். ஆனால் அவர்கள்? அடுத்தவர் கூரையில் வாழ்ந்து, அடுத்தவர் கிணற்றில் இறைத்து, ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நிறுத்தத்தில் ஒருவர்கூடப் பிறகு இறங்கவில்லை. அந்த நடத்துநர்தான் பணிமனை அட்டவணையில் தன் கையால் எழுதி வைத்தார்: ‘கிணற்றடி. கதவு திறக்கவும். பத்து எண்ணவும். இறங்க வேண்டியவர்கள் உண்டு.’

நாங்களும் நிறுத்தினோம். எதற்கென்று கேட்காமல் நிறுத்தினோம். ஒருநாள் நான் நிறுத்தவில்லை.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் தம்பி, நானும் சிரித்தவன்தான்.

நல்ல வெயில். வண்டி நிறையக் கூட்டம். எனக்கோ பசி. ஓட்டியது இதே மச்சினன்.

“மாமா, கிணத்தடி வருது. கயித்த இழுங்க.”

“யாருடா இறங்கப் போறா? நண்டா? விடுடா வண்டிய.”

“அட்டவணைல போட்டிருக்கு மாமா.”

“அட்டவணைல உங்க அக்கா பேருகூடத்தான் இல்ல. அதுக்காக நான் வீட்டுக்குப் போகாம இருக்கேனா?”

வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பு தந்த செருக்கில் கயிற்றை இரண்டு முறை இழுத்தேன். வண்டி நிற்காமல் போனது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். ஓட்டுநர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்சக்கரத்துக்கும் மேலிருக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பார்கள். காலி வண்டி என்றால் நான்கு விரல் நுழையும். ஆள் ஏற ஏற வண்டி தாழும், விரல் குறையும். மச்சினன் குனிந்து கையை விட்டான். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

“மாமா, வண்டி காலிதானே?”

“காலிதான்டா.”

“மூணு விரல்தான் போகுது.”

“போடா, உன் விரல் வீங்கியிருக்கும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி எனக்கொன்று, கூடுதலாக ஒன்று என்று இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

“கூட வந்த அம்மா எங்கங்க?”

“எந்த அம்மா?”

“உங்க பின்னாடியே வந்தாங்களே, கையில காலிக் குடத்தோட. வாசல்லயே நிக்கிறாங்க பாருங்க, உள்ள வரச் சொல்லுங்க.”

வாசலில் யாருமில்லை. நான் பார்த்தவரை யாருமில்லை.

மறுநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்: “கிணத்தடி வந்துடுச்சா?” அவள் அந்தத் தடத்தில் ஒரு நாளும் பயணம் செய்தவள் இல்லை. மூன்றாம் நாள் சன்னலோரம் நாற்காலியைப் போட்டு, மடியில் பையை வைத்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை, பேசவில்லை. ஆனால் உடம்பு அசைந்தது. அன்பர்களே, இந்தக் கடற்கரைச் சாலையின் வளைவுகள் எனக்குக் கைரேகை மாதிரி. கோட்டை வளைவில் இடப்பக்கம் சாய்வோம். மீனவர் தெரு தாண்டி வலப்பக்கம் சாய்வோம். என் மனைவி, அசையாத நாற்காலியில், நடு வீட்டில், அதே வரிசையில் சாய்ந்தாள். இடம், பிறகு வலம். கிணற்றடி வர வேண்டிய நேரத்தில் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். கட்டியவனைப் பார்க்கும் பார்வை இல்லை அது.

“கண்டக்டரே, இறக்கி விடவே மாட்டீங்களா?” என்றாள்.

ஊரையே வாயால் வண்டி ஏற்றுகிறவன் நான். அன்று மச்சினனைக் கூப்பிட ஓடினேன்.

நான்காம் நாள் அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினேன். அவள் தம்பிதான் ஓட்டினான். கிணற்றடி வந்தது. கயிற்றை ஒரு முறை இழுத்தேன். கதவைத் திறந்தேன். வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. காற்று நின்றது. நான்கு, ஐந்து. கிணற்றுக்குள்ளிருந்து, கடலுக்கு நடுவில் நிற்கும் அந்தக் காய்ந்த கிணற்றுக்குள்ளிருந்து, குடம் தண்ணீரில் அமிழும் சத்தம் கேட்டது. எட்டு. ஒன்பது. பத்து எண்ணும்போது வண்டி மெல்ல, ஒரு விரல் அளவு, உயர்ந்தது.

என் மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: “என்னங்க இது, எங்க வந்திருக்கோம்? ஐயோ, அடுப்புல பால் வச்சேனே!”

பால் வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. சிரியுங்கள், இப்போது சிரிக்கலாம். அவளும் சிரிக்கிறாள் பாருங்கள்.

தலைவர் அவர்களே! போன வாரம் உங்கள் அறையில் வந்து கேட்டேன். “கிணத்தடில பாக்குறதுக்கு என்னய்யா இருக்கு?” என்றீர்கள். நியாயமான கேள்வி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இறங்குவதற்கு இருக்கிறார்கள்! கோட்டையைக் காட்டுகிறோம், அது கட்டியவர்களின் பெருமை. கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறோம், அது வந்து போனவர்களின் பெருமை. போனவர்கள் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டாமா? வீடு திரும்பும் உரிமை மூச்சோடு முடிந்துவிடுமா? வாழ்ந்தபோது ஒரு கதவை மூடினோம், அது உயிர் காக்க. இப்போதும் மூடினால் அது எதைக் காக்க?

இன்னொன்றும் யோசியுங்கள். அன்று என் வீட்டுக்கு வந்தது ஒருவர். வண்டி முழுக்கச் சிரித்த பாவத்துக்கு நான் ஒருவன் அனுபவித்தேன். இந்த நீல வண்டியில் நாற்பது இருக்கை. இயந்திரம் பெயரைச் சொல்லாது. கதவு திறக்காது. நாற்பது பயணிகள் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்பது வீட்டுக்குப் போவார்கள். யார் பின்னால் யார் போவார்கள்? எந்த வீட்டில் கூடுதலாக ஒரு தட்டு வைக்கப்படும்? முதல் வீடு ஓட்டுகிறவனுடையதாக இருக்கும். என் மச்சினனுக்கு இந்த மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் ஐயா, முடித்துவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். காலையில் நாடா கட்டும்போது நானே அந்த வண்டியின் பின்சக்கரத்தில் கைவிட்டுப் பார்த்தேன். நான்கு விரல், தாராளமாக. பிறகு கதவைப் பூட்டினோம். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இன்னும் ஒருவரும் ஏறவில்லை. தயவுசெய்து எழுந்து போய், உங்கள் கையாலேயே ஒரு முறை பாருங்கள்.

பொறுங்கள் அன்பர்களே, எழுந்திருக்க வேண்டாம். தலைவர் போகிறார். குனிகிறார். கையை விடுகிறார்.

தாய்மார்களே, பிள்ளைகளைக் கொஞ்சம் அணைத்துக்கொள்ளுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

எத்தனை விரல் ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள்.

இரண்டா?

காலையில் என்னிடம் நான்கு. இப்போது உங்களிடம் இரண்டு. புது வண்டி என்றதும் எல்லாருமே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மச்சினா, அந்தப் பேனாவைத் தலைவரிடம் கொடுடா. பட்டியலைப் பிடித்துக்கொள். எழுதுகிறார். ஐந்தாவதாக எழுதுங்கள் ஐயா, மீனவர் தெருவுக்கு அடுத்து. ‘கிணற்றடி’. பக்கத்திலேயே ‘பத்து எண்ணவும்’.

நன்றி ஐயா. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கும், சிரிப்பை நிறுத்திக்கொண்டவர்களுக்கும் நன்றி. நாற்காலியில் அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும், எங்களுக்கு முன்பாகவே இருக்கையில் அமர்ந்துவிட்ட அவர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மச்சினா, வண்டியை எடு. மெதுவாகப் போ. இன்று பத்து வேண்டாம், நூறு எண்ணு.