சோதனை வந்தால் விலகி நிற்கிறேன்

— இந்த சுயகட்டுப்பாட்டுக் கேள்வித்தாள்ல நாப்பது வாங்கியிருந்தா இன்னைக்கே உங்களை மறுபடி கேட் டூட்டிக்கு அனுப்பியிருப்பேன். நீங்க வாங்கினது முப்பத்திமூணு, ஐயா.

— பதினேழு வருஷம் கேட் காவல்ல நின்னவன் மேடம். கட்டுப்பாடு இல்லாதவன் அந்த வெயில்ல நிப்பானா?

— நின்னவர்தானே போன மாசம் அதே கேட்ல சொந்தத் தங்கச்சி புருஷனை அத்தனை பேர் முன்னாடி அறைஞ்சீங்க.

— அது என்னையறியாம போன கை. அவரு பையைத் திறக்கச் சொன்னேன். 'என் பையைத் தொட உனக்கு என்ன தகுதி'ன்னாரு. தங்கச்சி அழுதா. 'அவரு மூக்குக் கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலையே'ன்னா. இல்லம்மா, அது ட்ரேயில பத்திரமா இருந்துச்சுன்னேன்.

— சரி, பாருங்க, எனக்கும் ஒண்ணு புரியல. 'யோசிக்காமல் எதையும் செய்துவிடுவேன்.' ஒருபோதும் இல்லைன்னு டிக் பண்ணியிருக்கீங்க, அஞ்சு மார்க். ஆனா ஆறாவதுல கவுந்துட்டீங்க. 'சோதனை வந்தால் விலகி நிற்கிறேன்.' அதுக்கும் ஒருபோதும் இல்லையா?

— பின்னே? விலகி நின்னா சீட்டு கிழிஞ்சிடாதா?

— எது வந்தா விலகி நின்னா?

— சோதனைதான் மேடம். பை சோதனை, வண்டி சோதனை. நான் ஒதுங்கிட்டா உள்ள போற ஆளை யாரு பார்ப்பா?

— அட ஐயா. இது மனசுக்கு வர்ற சோதனை. ஆசை காட்டும், கோபத்தைக் கிளப்பும் பாருங்க, அது.

— காவல்காரன்கிட்ட சோதனைன்னா அவன் எதை நினைப்பான்?

— அப்போ ஒன்பதாவதும் இப்படித்தானா? 'சோதனையைத் தேடிப் போவேன்.' எப்போதும்னு போட்டிருக்கீங்க.

— அப்போ மார்க்குல அடி பெரிசா விழுந்திருக்கும்.

— நல்லாவே விழுந்திருக்கு. இப்ப நிதானமா சொல்லுங்க. குடி, சீட்டாட்டம், வம்பு, இதெல்லாம் கூப்பிட்டா?

— எப்பவும் ஒதுங்கித்தான் போவேன்.

— நீங்களே தேடிப் போவீங்களா?

— ஒருநாளும் இல்ல.

— அப்போ ரெண்டுக்கும் அஞ்சஞ்சு. நாப்பத்தொண்ணு. பாஸ் ஐயா. நாளைக்கே கேட்டுக்குப் போகலாம். என்ன, முகம் இப்படி ஆயிடுச்சு?

— தங்கச்சிகிட்ட வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன் மேடம்.

— என்னன்னு?

— கட்டுப்பாடு இல்லாம நடந்துபோச்சுன்னு. அதை நம்பித்தான் அவ மறுபடி என் வீட்டு வாசப்படி ஏறினா. முப்பத்திமூணுன்னு நீங்க சொன்னப்போ ஒரு பக்கம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. அதாவது, நான் சொன்னது சரிதான்னு. இப்ப நாப்பத்தொண்ணுங்கறீங்க. எனக்கே குழப்பமா இருக்கு.

— இது வெறும் பேப்பர் ஐயா. ஒரு நிமிஷக் கோபம் யாருக்கும் வரும். அன்னைக்கு உங்க கை உங்க பேச்சைக் கேக்கல, அவ்வளவுதான்.

— கேட்டுச்சு மேடம். அவரு கண்ணாடியை நானே கழட்டி ட்ரேயில வச்சுட்டுத்தானே அடிச்சேன்.