கோடையில் ஒழுகும் அறை

– மாடி ஒழுகாம இருக்க ஷீட்டா, கோட்டிங்கா? சுருக்கமா சொல்லுங்க மேஸ்திரி.

– ஷீட்டுன்னா தீயைக் காட்டி உருக்கி ஒட்டுறது சார். வெட்டவெளி மாடிக்கு அது நல்லது. உங்க மாடியில எங்க பார்த்தாலும் பைப்பு, தொட்டிக் காலு. ஒவ்வொண்ணையும் சுத்தி வெட்டி ஒட்டணும். ஒரு ஓரம் தூக்கிச்சுன்னா போச்சு. கோட்டிங்னா மூலை முடுக்கெல்லாம் அதுவே போய் உக்காந்துக்கும். நடுவுல வலைத்துணி வச்சு மூணு கை அடிச்சா, பத்து வருஷத்துக்கு நான் பொறுப்பு.

– அப்போ கோட்டிங். நாளைக்கே ஆரம்பிங்க.

– அங்கதான் சார் இடிக்குது.

– என்ன இடிக்குது?

– உங்க மாடி ஒழுகவே இல்ல. வந்த வேலையை வேண்டாம்னு சொல்ற மேஸ்திரி ஊர்லயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

– விளையாடுறீங்களா? என் பொண்ணு ரூம்ல வாளி வச்சிருக்கோமே, பார்த்தீங்கல்ல?

– பார்த்தேன் சார். அதான் புரியல. மழைத்தண்ணிக் குழாயெல்லாம் அடைச்சு, ரெண்டு நாளா மாடியில மூணு விரக்கடை தண்ணி கட்டி வச்சேன். வெயில் குடிச்சது போக அப்படியே நிக்குது. கீழ ஏணி போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டேன். சுக்கா காஞ்சு கிடக்கு. இருபத்திரெண்டு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். காஞ்ச சீலிங்லேருந்து சொட்டு விழுந்து பார்த்ததில்ல.

– உள்ளே ஏதாவது பைப்பு ஓடும்.

– அந்த ரூம் சீலிங்குக்குள்ள பைப்பே கிடையாது. மழை பெஞ்சும் மூணு மாசமாச்சு.

– இங்க பாருங்க. ஒழுகுதோ இல்லையோ, அடிச்சு மூடுங்க. என் பொண்ணு காய்ச்சல்ல போய் ரெண்டு வருஷமாச்சு. இந்தச் சொட்டு ஆரம்பிச்சதிலேருந்து என் வீட்டுக்காரி அந்த ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. சோறு தண்ணி கிடையாது. அது நின்னாதான் அவ எழுந்திருப்பா.

– அம்மா இப்பவும் உள்ளேதானா?

– உள்ளேதான் இருக்கேன் மேஸ்திரி. கதவு திறந்துதான் கிடக்கு, வாங்க. அவர் சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு. கோட்டிங் வேண்டாம்.

– இவளே, உனக்கு எத்தனை தடவை சொல்றது...

– நான் சொல்லலைங்க. "மேல மூடலாமா"ன்னு காலையில கேட்டேன். வேண்டாம்னுச்சு.

– எதும்மா சொல்லுச்சு?

– வாளிக்குப் பக்கத்துல உக்காருங்க மேஸ்திரி. ஒரு சொட்டு விழுந்தா ஆமா. அடுத்தடுத்து ரெண்டு விழுந்தா இல்ல. நீங்களே கேட்டுப் பாருங்க.

– அவ பேச்சைக் கேட்டுக்கிட்டு உக்காராதீங்க மேஸ்திரி.

– இருங்க சார், ஒரு நிமிஷம்... எனக்குப் பொம்பளைப் புள்ளை இருக்கா?

– ஒண்ணு விழுந்துச்சு மேஸ்திரி.

– அடுத்தது வரல. வரவே இல்ல சார்.

– தானா விழுந்திருக்கும்.

– அவ என்கூட என் வீட்ல இருக்காளா?

– ரெண்டு மேஸ்திரி. இல்லைங்குது.

– ஐயோ. அவளைக் கட்டிக் குடுத்து அனுப்பி நாலு மாசம்தான் ஆகுது. உங்க யாருக்குமே தெரியாதே சார்.

– என்ன மேஸ்திரி, எழுந்துட்டீங்க?

– நான் கேட்டது போதும். நீங்க கேளுங்க சார்.

– நான் என்னத்தைக் கேட்கிறது?

– பெத்த அப்பன் கேட்க வேண்டியது ஒண்ணுதானே இருக்கு?

– ...பாப்பா. நீதானாம்மா அது?

– ஒண்ணு விழுந்துச்சு சார்.

– பாப்பா! என் தங்கமே!

– சார், பொறுங்க, பொறுங்க... இன்னொண்ணு. ரெண்டு சார்.

– ரெண்டா? அப்போ இல்லைங்குதா? இவளே, கேட்டியா? இத்தனை நாளா ராப்பகலா யார்கிட்ட பேசிக்கிட்டு கிடந்தே? அது நம்ம பொண்ணு இல்லையாம்!

– தெரியுங்க. முதல் நாளே கேட்டுட்டேன்.