நாலு நாள் நின்ன கூட்ஸ்

...அதைத்தான் தம்பி நானும் சொல்றேன், வண்டி ஏன் நின்னுச்சுன்னு வண்டியைத்தான் கேக்கணும். நான் பாட்டுக்குத் தையல் மிஷின்ல உக்காந்திருக்கேன், என்னைக் கேட்டா? சிமெண்ட் ஃபேக்டரிலேர்ந்து வரேங்கறீங்க, கையில ஃபைல் வெச்சிருக்கீங்க, சரி, உக்காருங்க. அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. போன வாரம் நாலு நாள், தினம் கொஞ்ச நேரம், உங்க கூட்ஸ் எங்க வீட்டுப் பின்பக்கம் நின்னுச்சு, அதுக்காக டிரைவரை வீட்டுல உக்கார வெச்சிருக்கீங்க, இன்னிக்கு நீங்க எழுதுறதைப் பொறுத்துத்தான் அவருக்கு வேலை இருக்கா இல்லையான்னு தெரியும். புரியுது தம்பி. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது.

நீங்க கேக்கறதா இருந்தா, பதினெட்டு வருஷமா நாங்க படுற பாட்டைக் கேளுங்க. மெயின் லைன்லேர்ந்து பிரிஞ்சு உங்க ஃபேக்டரிக்குப் போற இந்த ஒத்தைத் தண்டவாளத்தை எங்க போட்டிருக்கீங்க? என் துணி காயப்போடுற கொடிக்குக் கீழ. காலையில பத்தே முக்காலுக்கு ஒரு வண்டி வரும், கடிகாரம் கோணிக்கும். நான் நிமித்தி வெப்பேன். சாயங்காலம் காலி வண்டி திரும்பும், மறுபடியும் கோணிக்கும். தூசியைச் சொல்லவே வேணாம். வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டா சாம்பல் கலர்ல எடுக்கணும். யாராவது ஒரு நாள் ஃபைலைத் தூக்கிக்கிட்டு அதைக் கேக்க வந்தீங்களா? நின்னதுக்கு மட்டும் வந்துட்டீங்க.

என்ன? வீட்டுக்காரரா? உள்ள படுத்திருக்காரு. அவரை எழுப்ப வேணாம். அவரு கதையைச் சொன்னா உங்களுக்கே தலை சுத்தும். ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூம்ல முப்பத்திரெண்டு வருஷம் இருந்தவரு. ஆறு வருஷம் முன்னாடி ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தாரா, மறுநாளே என் சமையக்கட்டு டப்பாவையெல்லாம் அகரவரிசையில அடுக்கிட்டாரு. சிரிக்காதீங்க. அடுப்புல கொதிக்குது, உப்பைக் காணோம். எங்கன்னு கேட்டா, "உ-வுல பாரு"ங்கறாரு. உப்புக்குப் பக்கத்துல உளுந்து, அதுக்குப் பக்கத்துல ஊசி நூல் டப்பா. அதுவும் உ-வுக்கு அடுத்தது ஊ-வாம். எனக்கு வந்த கோவத்துல, "மாடிக்குப் போயி அந்த எழவெடுத்த ரயிலையாவது எண்ணிக்கிட்டிருங்க"ன்னு கத்திட்டேன்.

கத்தினது தப்பாப் போச்சு. அந்த மனுஷன் நிஜமாவே போயிட்டாரு. ஒரு நோட்டு வாங்கினாரு. எத்தனை வேகன், என்ன நம்பர், எந்த வேகன் கதவுல பள்ளம், எது புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு, எல்லாம் அதுல ஏறிடும். எழுதிட்டுச் சும்மா இருப்பாரா? நான் ஊசில நூல் கோக்கிற நேரம் பாத்து வந்து நிப்பாரு. "பள்ளம் விழுந்தது இன்னிக்குப் பதினேழாவதா வந்துச்சு தெரியுமா?" எனக்கு எதுக்குய்யா அது? என் பொறந்த நாள் எந்த மாசம்னு கேளுங்க, முழிப்பாரு. உங்க டிரைவரு, அதான் அந்த மீசைக்காரரு, தினம் இவரைப் பாத்துக் கையாட்டிட்டுப் போவாரு. இவரும் ஆட்டுவாரு. ஆறு வருஷத்துல ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்ல, ஆனா ஞாயித்துக்கிழமை வண்டி இல்லன்னா இவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்ப ஏன் படுத்திருக்காருன்னா, போன மாசம் மாடிப்படில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு. மூணு மாசம் எழுந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. கட்டிலைப் பின் ரூம் ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன், தண்டவாளம் தெரியட்டும்னு. தெரிஞ்சு என்ன பண்ண? அந்த எடத்துல இறக்கம், வண்டி பறக்குது. படுத்துக்கிட்டுப் பாத்தா ஒரு நம்பர் கண்ணுல நிக்கல. ரெண்டு நாள் பாத்தாரு, நோட்டை மூடித் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. பேச்சு கிடையாது. பசிக்குதான்னா பதில் இல்ல. இந்த மனுஷன் ஒரு நாள் வாயை மூடினா போதும்னு முப்பத்தெட்டு வருஷமா ஏங்கினவ தம்பி நான். மூடினாரு. எனக்குப் பயமாயிடுச்சு.

திங்கக்கிழமை வண்டி நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் திரும்பினாரு. ஏழு நிமிஷம். நின்னப்ப எதிர்ல இருந்ததையும், அப்பறம் வண்டி ஊர்ந்து கிளம்பினப்ப மிச்சத்தையும், முப்பத்தொம்போது வேகனையும் தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்து எழுதிட்டு, "அடியே, பசிக்குது"ன்னாரு. ரெண்டு தட்டு சாப்ட்டாரு. அன்னிக்கு எனக்கு...

சிவப்பா? என்ன சிவப்பு? அந்தக் கொடில கிடக்கறதா? அது போர்வை. வீடுன்னா போர்வை காயத்தான் செய்யும். காத்துல பறக்கும், அதுக்கு நான் என்ன பண்ண? அந்த மீசைக்காரரையே கேட்டுப் பாருங்களேன், ஏன் நிறுத்தினாருன்னு எழுதிக் குடுத்திருப்பாருல்ல.

என்ன எழுதினாரு? இன்ஜின் கோளாறா? நாலு நாளுமா? போர்வையைப் பத்தி ஒரு வரி கூட இல்லயா?

இன்ஜினைப் பிரிச்சுப் பாத்தீங்களா. ஒரு கோளாறும் இல்ல. அதனால பொய் எழுதினாருன்னு வேலையை விட்டே எடுக்கப் போறீங்க.

கொஞ்சம் இருங்க தம்பி. பேனாவை மூடாதீங்க. தண்ணி குடிச்சுட்டு வந்துடுறேன்.

மொத நாள் அந்த மீசைக்காரரு இன்ஜின்லேர்ந்து இறங்கி வந்தாரு தம்பி. போர்வையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, நான் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். அப்பறம் ஜன்னலைப் பாத்தாரு. உள்ள இவரு விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டிருக்காரு. உடனே அந்த ஆளு போயி இன்ஜின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, தலையை உள்ள விட்டு ஏழு நிமிஷம் நின்னாரு. நாலு நாளும் அதேதான். நான் என்னடான்னா நின்ன எடத்துல நிஜமாவே ஏதோ ரிப்பேரும் வந்துடுச்சு போலருக்கு, நம்ம நேரம் நல்லாயிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். பாவி மனுஷன் எங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நின்னிருக்காரு.

எழுதுங்க. போர்வை என்னுது. பத்தே முப்பத்தஞ்சுக்கு நான்தான் கொடில விரிச்சுக் கட்டினேன், வண்டி போனதும் நான்தான் அவுத்தேன். நாலு நாளும். சிவப்பு எதுவா இருந்தாலும் நிறுத்தியாகணும்னு உங்க சட்டம் சொல்லுதுல்ல? அப்ப அவரு நிறுத்தினது சரிதானே. பொய் எழுதினதும் என்னாலதான், அதையும் சேத்துக்குங்க. எனக்கு என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க, அந்த ஆளைத் திரும்ப வண்டில ஏத்துங்க. கையெழுத்து எங்க போடணும்? இங்கயா?

இந்தாங்க, போர்வையையும் எடுத்துட்டுப் போயிடுங்க. வீட்டுல இருந்தா நாளைக்கு என் கையி சும்மா இருக்காது. நாளைக்கு நானே மாடில நின்னு நம்பரை எழுதிக்கிட்டு வந்து இவருகிட்ட குடுக்கறேன். ஆமா, நானேதான். வேற யாரு இருக்கா? ஆனா எனக்குத் தூரப் பார்வை கொஞ்சம் மங்கல், தம்பி. மீசைக்காரரைப் பாத்தா நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. மெதுவா ஓட்டக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லயே?