தார் ஒட்டிய கதவுகள்

கார் கதவைச் சாத்தும்போது வரும் சத்தத்தை என்றாவது கவனித்திருக்கிறீர்களா சார்? விலை உயர்ந்த வண்டி என்றால் பஞ்சுமூட்டை விழுந்த மாதிரி ‘மொத்’ என்று இருக்கும். என் வண்டிக் கதவு எண்ணெய் டின் மாதிரி அதிரும். பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரைவிடக் கதவுத் தகரம்தான் அதிகம் பாடும். அது எனக்கு ரொம்ப நாள் குறை. அதைச் சரி செய்யலாம் என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுப்பராயன். திண்டிவனத்தில் மின்வாரிய லைன்மேனாக இருந்தவர். கம்பத்து மேலிருந்து கீழே நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை. அம்மா இறந்ததும் அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நினைவு போயிற்று. என்னை மறந்தார், என் மனைவி கிருஷ்ணப்பிரியாவை மறந்தார். அம்மா பெயர் மட்டும் மிச்சம். “சரசா... ஏ சரசா...” என்று விடிந்ததும் ஆரம்பிப்பார். தூங்கும்வரை அதுதான்.

நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். மீட்டிங்கில் எல்லோரும் பேசுவதை நிறுத்திவிட்டு, “கிஷோர், அங்க என்ன சத்தம்?” என்பார்கள். கீழ்வீட்டுக் கோமளா ஆன்ட்டி நல்லவர். அவரே ஒருநாள் படியேறி வந்து, “தப்பா நெனைக்காதீங்க தம்பி, பொண்ணு பத்தாவது எழுதுறா. கதவையாவது சாத்தி வைங்களேன்” என்றார். திருமழிசைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துப் பார்த்தேன். மற்றவர்கள் தூங்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கிருஷ்ணப்பிரியா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “கத்தட்டும்ங்க. பொண்டாட்டியத்தான கூப்புடுறாரு” என்பாள். அவளுக்கு இளகிய மனசு. பிரச்சினையைப் பிரச்சினையாகப் பார்க்கத் தெரியாது.

காரில் போனால் அப்பாவுக்குப் பிடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்சீட்டில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டினேன். வண்டியிலும் கத்தினார். சென்னீர்குப்பத்தில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெரிசலில் நின்றபோது, பைக்கில் வந்தவர்கள் குனிந்து உள்ளே பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொல்லி, “பெரியவரை எங்கப்பா கூட்டிட்டுப் போற?” என்று கேட்டார். பெற்ற அப்பாவைக் கடத்திக்கொண்டு போகிறவன் மாதிரி நின்றேன். அந்த அவமானம் உங்களுக்குப் புரியும்.

அன்றுதான் முடிவு செய்தேன். ஸ்பீக்கருக்காக நினைத்திருந்த வேலையை முழு வண்டிக்கும் செய்துவிடுவது. காருக்கென்று விற்கும் ஷீட்டெல்லாம் அநியாய விலை. மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் டேப்பே போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஒரு பக்கம் வெள்ளித்தாள், மறுபக்கம் பிசுபிசுவென்று தார். பூந்தமல்லியில் ஜாகிர் பாய் ஹார்டுவேர் கடையில் வாங்கினேன்.

“எந்த மாடிக்குத் தம்பி?”

“மாடிக்கு இல்ல பாய். கார் கதவுக்கு.”

அவர் டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார். “வாணாம் தம்பி. சித்திர வெயிலுக்கு இளகி வாடை அடிக்கும். பூட்டுன வண்டில மனுசன் உக்கார முடியாது.”

“ஏசி போட்டுத்தான் இருப்போம்” என்றேன்.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் எச்சரித்தார் என்று நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

வேலையை ரசித்துச் செய்தேன். கதவின் உள்பலகையை நெம்பி எடுத்து, தகரத்தைத் துடைத்து, டேப்பை ஒட்டி, காற்று நிற்காமல் பூரிக்கட்டையால் உருட்டினேன். அதன்மேல் பழைய யோகா பாயை வெட்டி ஒட்டினேன். மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைக்காமல் விட்டேன். நான்கு கதவு, கூரை, தரை, டிக்கி. “அந்தக் கட்டைய இனிமே கிச்சனுக்குக் கொண்டு வராதீங்க” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

முடித்ததும் அப்பாவை உள்ளே உட்கார வைத்து, அவளை வெளியே நிற்க வைத்துச் சோதித்தேன். அவர் கத்தினார்.

“கேக்குதா?”

“இல்ல” என்றாள். “வாய் மட்டும் அசையுது. எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க. அவர வெளிய கூட்டிட்டு வாங்க.”

நான் பாட்டுப் போட்டுக் காட்டினேன். அத்தனை சுத்தமாக இருந்தது. அவள் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தோம். வண்டியை ஓரம் கட்டி, ஏசியை ஓடவிட்டு, அப்பாவைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி வேப்பமர நிழலில் உட்காருவேன். திறந்து கீழே விழுந்துவிடக் கூடாதே என்று பின்கதவுகளுக்குச் சைல்டு லாக் போட்டிருந்தேன். முகத்தில் வெயில் அடிக்கக் கூடாதே என்று கண்ணாடிகளுக்குக் கறுப்புத் திரை. இதையெல்லாம் அக்கறை இல்லாதவன் செய்வானா? அந்த மரத்தடியில்தான் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவர் அவர் இடத்தில் கத்திக்கொண்டிருப்பார். நான் என் இடத்தில் இருப்பேன். யாருக்கும் தொந்தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. கரையில் நுங்கு விற்கும் தங்கராஜ் என்னிடம் வந்து, “இன்னா அண்ணாத்தே, வண்டி ஓடிக்கினே கீது? உள்ள யாராச்சும் கீறாங்களா?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. யாரும் இல்லாத வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும் இல்லையா? அதனால் எழுந்துபோய் முன்கதவைத் திறந்து எஞ்சினை நிறுத்தினேன். தார் வாடை இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பெயர் சொல்லவில்லை, அவருக்குத்தான் தெரியாதே. கையை மட்டும் நீட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். ‘மொத்’ என்று கச்சிதமாக மூடியது. பூட்டினேன்.

திரும்பி வந்து நுங்கு வாங்கிச் சாப்பிட்டேன். கிருஷ்ணப்பிரியாவுக்குப் பிடிக்கும் என்று அவளுக்கும் கட்டிக்கொண்டேன். தங்கராஜ் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர். அவர் கடையைக் கட்டிக்கொண்டு போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் முதுகுப் பக்கத்திலிருந்து முகத்துக்கு வந்துவிட்டது.

ஏசி இல்லாமல் அந்த வெயிலில் பூட்டிய வண்டிக்குள் ஒரு வயசான மனுஷனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன், தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கிருஷ்ணப்பிரியாவுக்கு இதில் சம்பந்தமில்லை.

இடது பின்கதவின் உள்பலகை பெயர்ந்து கிடந்ததாகவும், அப்பாவின் நகங்களுக்குள் தார் இருந்ததாகவும் டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். டேப் ஒட்டுவதற்காக நான் கழற்றியபோதே அந்தக் கதவில் பலகையைப் பிடிக்கும் கிளிப்புகள் சில உடைந்துவிட்டன. புதுசு மாட்டியிருக்க வேண்டும். அது என் அசட்டைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். நடுவில் ஒரு தடவை எழுந்து வண்டிவரை போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை, நானாகத்தான் போனேன். சூட்டைப் பார்க்காமல் கதவில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டேன். அப்பா கூப்பிடவே இல்லை சார். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால்கூடத் திறந்திருப்பேன்.