கோட்டைக் கழட்டு, கோட்டையை விடு!

அவைக்கு அணியாகவும் எங்களுக்குத் துணிவாகவும் வீற்றிருக்கும் தலைவர் தனகோடி அம்மையார் அவர்களே! தறிமேடையை விட்டு எழுந்து இந்தத் தரைமேடை காண வந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசை பிடிக்க மூன்று மணிக்கே வந்து முகாமிட்ட தாய்மார்களே! இந்தச் சுதந்திரத் திருநாளில் உங்கள் அனைவருக்கும் தருமனின் தலைதாழ்ந்த வணக்கம்!

காலையில் நம் ஆரணிக் கோட்டையைச் சுற்றி வந்தவர்கள் கையைத் தூக்குங்கள். அடேயப்பா! பலகையில் எழுதிய பழங்கதையையா பார்த்தீர்கள்? இல்லை! நம் ஊர் மக்களே வேடமிட்டு, அந்நாள் மனிதர்களாக நின்று பேசக் கண்டீர்கள்! அந்தக் காட்சிகளைக் கற்பனையாக எழுதிய குற்றவாளி அடியேன்தான்.

எழுதிவிட்டேன், வேடம் கட்ட ஆள் வேண்டுமே? போராளி வேடமா, நான் முந்தி நீ முந்தி என்று நாற்பது பேர்! வெள்ளைக்காரத் துரை வேடமா, ஒருவரும் இல்லை! அப்போது ஒருவர், களம்பூர் ஆலைக்கு நெல் லாரி ஓட்டும் வின்சென்டைக் கைகாட்டினார். "அதான் சர்ச்சுக்குப் போறவரு கீறாரே, துரை வேஷம் அவருக்குத்தான் பொருந்தும்!" எல்லோரும் சிரித்தார்கள். வின்சென்ட் சிரிக்கவில்லை. "சரிங்க, யாராவது செய்யணும் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

சொன்னது யார் என்று கேட்கிறீர்களா? வருகிறேன் அம்மா, வருகிறேன்!

தையற்காரர் பழனியிடம், முரட்டுச் சிவப்புத் துணியில் துரைக்குக் கோட்டு தைக்கச் சொன்னேன். ஆரணியில் முரட்டுத் துணியா? பட்டிலே தைத்தார்! கையிலே ஜரிகைக் கரை, முதுகிலே மாங்காய் போட்ட முந்தானை! "கரை இல்லாத பட்டு என் கைக்கு வராதுங்க" என்கிறார் மகராசன்!

மிரட்ட வேண்டிய துரை மணமாப்பிள்ளையாக வந்தால் மக்கள் நடுங்குவார்களா? "மாப்ள வந்துட்டாருடோய்!" என்று கூட்டம் குலுங்கியது. வின்சென்ட் பாவம், வியர்க்க வியர்க்கக் கர்ஜித்தார். "இது எங்கள் கோட்டை! வெளியே போ!"

நெசவாளியாக நின்ற சசிகலா, நான் எழுதியபடி தலைகுனிந்து அழ வேண்டும். அழுதாரா? துரையின் கைக்கரையை இரு விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தார்!

"இன்னா துரை, போ போன்னு சொல்லிகினு கீறீங்க? நீங்க போட்டுகினு கீறதே எங்க தறித்துணி! கோட்டக் கழட்டிக் குடுங்க, கோட்டைய வுட்டுக் கெளம்புங்க, ஜல்தி!"

எழுதாத வசனம் ஐயா! என் பேனாவுக்கு எட்டாத வசனம்! "கழட்டு! கழட்டு!" என்று முழங்கினீர்களே, வின்சென்ட் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தார். கோட்டு போனது. உள்ளே என்ன இருந்தது? வெள்ளைச் சட்டை. சட்டைப் பையிலே என்ன இருந்தது? குண்டூசியால் குத்திய காகிதக் கொடி! நம் மூவண்ணக் கொடி! காலையில் கொடியேற்றத்தில் குத்தியதைக் கழட்ட மனம் வராமல், அதன் மேலேயே வேடம் கட்டிய மனிதர் அவர்! அப்போது நீங்கள் தட்டிய கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று "சர்ச்சுக்குப் போறவரு" என்று அந்தச் சொல்லைச் சொன்னது யார்? நான்தான்! இந்தத் தருமன்தான்! எத்தனையோ எழுதத் தெரிந்த எனக்கு, எதிரில் நின்றவரைப் படிக்கத் தெரியவில்லை. வின்சென்ட் அண்ணே, ஊர் அறியச் சொன்ன சொல்லுக்கு ஊர் அறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

என்ன அண்ணே? உரக்கச் சொல்லுங்கள்! "அத வுடுங்க வாத்யாரே, குடியரசு தினத்துக்கு இன்னா வேஷம்?" என்கிறார்! கேட்டீர்களா அந்தப் பெருமனத்தை!

சொல்கிறேன். குடியரசு தினத்திலும் கோட்டையைச் சுற்றுவோம், கூடிச் சுற்றுவோம்! துரை வேடம் எனக்கு! பழனி, அந்தக் கோட்டை என் தொப்பைக்குப் பிரித்துத் தையுங்கள். கரை மட்டும் இருக்கட்டும். கழட்டச் சொல்லும் முதல் குரல், வின்சென்ட் அண்ணன் குரலாக இருக்கட்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, கோட்டைக்கு உரியவர்களான உங்கள் அனைவரையும் வணங்கி அமர்கிறேன். வாழ்க ஆரணி! வாழ்க பாரதம்!